வெற்று ஸ்லைடும் பச்சை

கயல்விழி அக்கா அந்தக் குப்பியை ஒருநாளும் உள்ளங்கையில் வைத்துப் பிடித்ததில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து, மூடியின் விளிம்பை இரண்டு நகங்களால் கவ்வித் தூக்குவார். சுண்டுவிரலில் பாதி உயரம்தான் இருக்கும். அடியில் நகத்தால் மூன்று முறை சுண்டுவார். மூடியில் ஒட்டிய துளி இறங்கிவிட்டதா என்று சன்னல் பக்கம் ஒரு நொடி காட்டிப் பார்ப்பார். உடனே ஐஸ் பெட்டிக்குள் செருகிவிட்டு டியூப்லைட்டை அணைத்துவிடுவார். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள சாயம் வெளுத்துவிடும். பிறகு, குப்பியைத் திறப்பதற்கு முன்னால், ஸ்லைடுகளில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவார். அந்த ஸ்லைடுக்குக் கழுவுதல் உண்டு, காத்திருப்பு உண்டு, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியும் உண்டு. குப்பியில் இருப்பது மட்டும் ஒரு துளியும் கிடையாது. எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் வெற்று ஸ்லைடு. மற்ற ஸ்லைடுகள் உண்மை சொல்கின்றனவா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒன்பது வருடத்தில் அக்கா அதைப் போடாத நாள் இல்லை. அதைப் போட்டதற்காகத்தான் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பீளமேட்டில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் எதற்கு? மூன்றாவது மாடியில் எங்கள் ஆய்வகம். நான் அங்கே ஆராய்ச்சி மாணவன். அக்கா டெக்னீசியன், தற்காலிகம். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஓர் ஆர்டர் கொடுப்பார்கள். பிறகு ஒரு மாதம் ‘பிரேக்’. பிறகு மறுபடியும் பதினோரு மாதம். அந்த பிரேக் மாதத்திலும் அவர் வந்து செல் வளர்ப்புத் தட்டுகளுக்குத் தீனி மாற்றிவிட்டுப் போவார். “செல்லுக்கு பிரேக்குன்னா என்னன்னு தெரியுமா, செத்துப்போயிரும்” என்பார்.

ஊர் தொண்டாமுத்தூர். அப்பா காளிச்சாமி அடுத்தவர் தோப்புகளில் தேங்காய் பறித்தவர். தோப்புக்காரர்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. மகள் மைக்ரோபயாலஜியில் முதல் வகுப்பு. இரண்டு பஸ் மாறிப் பீளமேடு வந்து, எட்டே முக்காலுக்கெல்லாம் கோட்டு மாட்டி நிற்பார். ஊருக்குள் யானை இறங்கிய காலைகளில் மட்டும் அரைமணி தாமதமாகும். எங்கள் துறைத் தலைவர் நஞ்சுண்டன் சார் அப்போது கேட்பார்: “ஏம்மா கயலு, அந்த யானை வாரா வாரம் உன்னையத்தான் பொண்ணு பார்க்க வருதா?” எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

இந்த வருடம் ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. அக்காவின் ஃபைல் நஞ்சுண்டன் சார் மேசைக்குப் போயிற்று. அவர் பரிந்துரைத்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பதினோரு மாதக் கணக்கு அத்தோடு ஒழியும். அக்காவுக்கு முப்பத்தாறு வயது. வயது வரம்பின்படி அடுத்த முறை என்று ஒன்று கிடையாது.

அந்த நேரத்தில்தான் பல்லடத்துப் பொடி வந்து சேர்ந்தது.

பல்லடத்தில் ஒரு கோழித் தீவனக் கம்பெனி. முதலாளி நஞ்சுண்டன் சாருடைய தங்கை வீட்டுக்காரர். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கோழிக்கு நோய் எதிர்ப்பு கூடும் என்பது அவர்கள் சொல்வது. கூடுகிறதா என்று பார்க்க இரண்டு ஷெட். முதல் ஷெட் கோழிகளுக்குப் பொடி உண்டு. இரண்டாம் ஷெட்டுக்கு இல்லை. இருபத்தெட்டாம் நாள் இருபது இருபது கோழிகளை அறுத்து, மண்ணீரலை உறையவைத்து எங்களுக்கு அனுப்பினார்கள். அதை மெல்லிய சீவல்களாக வெட்டி ஸ்லைடில் ஒட்டி, அதன்மேல் அக்கா குப்பியிலிருந்து ஊற்ற வேண்டும்.

குப்பியில் இருப்பது மோனோக்ளோனல் ஆன்டிபாடி. ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகிய கூட்டம் சுரப்பது என்பதால் அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்கும். ஒரே ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும், மற்றதைத் திரும்பிப் பார்க்காது. நாங்கள் வைத்திருந்தது, கோழியின் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகைக்கு மட்டும் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடிப்பது. அதன் முதுகில் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கும். இருட்டறையில் நீல ஒளியைப் பாய்ச்சி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அந்தச் செல்லைச் சுற்றி மட்டும் மெல்லிய பச்சை வளையம் தெரியும். வளையங்களை எண்ணினால் கணக்கு முடிந்தது. மனிதர்களில்கூட அவ்வளவு நேர்மையான ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் ஷெட்டின் ஸ்லைடை வைத்ததும் நஞ்சுண்டன் சார் கண்ணை எடுக்கவே இல்லை.

“அடேங்கப்பா! தீபாவளியாட்டம் இருக்குதேம்மா! நித்யா, இங்க வா, பாரு!”

நித்யஸ்ரீ எனக்கு ஒரு வருடம் மூத்த ஆராய்ச்சி மாணவி. குனிந்து பார்த்து, “சூப்பருங்க சார்” என்றாள்.

“மச்சாங்கிட்ட இப்பவே சொல்லிப்போடறேன்” என்று அவர் போனை எடுத்தார்.

“சித்தெ பொறுங்க சார்” என்றார் அக்கா. “வெத்து ஸ்லைடையும் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“அதுல என்ன இருக்கப்போகுது? இருட்டு.”

“இருட்டா இல்லீங்க சார்.”

அவர் பார்த்தார். ஒரு துளி ஆன்டிபாடியும் படாத ஸ்லைடு அதே பச்சையில் எரிந்துகொண்டிருந்தது.

“லேம்ப் பழசாயிருச்சுன்னு நினைக்கறேன்.”

“ரெண்டாவது ஷெட்டோட வெத்து ஸ்லைடு கரிக்கட்டையாட்டம் இருக்குதுங்க சார். அதே லேம்ப்புதானுங்களே?” அக்காவின் குரல் உயரவில்லை. “வளையம்னு ஒண்ணுகூடத் தெரியலீங்க. நாரு, ரத்தக்குழாய்ச் சுவரு, எல்லாமே மினுங்குது. ஆன்டிபாடி புடிக்காத எடமெல்லாம் மினுங்குதுன்னா, வேற எதுவோ ஏறியிருக்குதுங்க. இதுல எதையின்னு எண்ணறது?”

“நீ டெக்னீசியன்மா. ஊத்துன்னா ஊத்தோணும். எண்ணறதுக்கு நாங்க இருக்கறோம்.”

நித்யஸ்ரீ சன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் கையுறையைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

முதல் ஷெட்டில் மட்டும் இப்படி என்றால், அங்கே பண்ணையிலேயே ஏதோ நடந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை அக்கா என்னிடம் கேட்டார்: “எழிலு, நாளைக்குப் பல்லடம் வாரியா? துணைக்கெல்லாம் இல்ல. அங்க பார்த்ததைப் பின்னால நான் ஒருத்தி சொன்னா நம்பமாட்டாங்க, ரெண்டு பேரு சொன்னா நம்புவாங்க.” போனேன்.

பண்ணையில் அன்று கால்நடை டாக்டரும் இல்லை, மேனேஜரும் இல்லை. தறிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குப் பின்னால், ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா வாளிகளைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் சின்னாத்தாள்.

“ஏனுங்கம்மா, அன்னைக்குக் காலேஜுக்குன்னு கோழி அறுத்தது நீங்கதானுங்களா?”

“நாந்தான் அம்மணி. மொத ஷெட்டு இருவதும் என்ற கையாலதான். டாக்டரு ஃபேனுக்கடியில உக்காந்து போனை நோண்டிக்கிட்டே, ‘மண்ணீரலை எடு, மண்ணீரலை எடு’ன்னாரு. அது எந்தப் பக்கம் இருக்குதுன்னு அவருக்குத் தெரியுமோ என்னமோ. நான் ஒவ்வொண்ணா எடுத்து, மஞ்சத்தண்ணியில அலசிக் குடுத்தேன். அவரு டப்பாவுல போட்டுக்கிட்டாரு.”

அக்கா அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். “மஞ்சத்தண்ணியிலயா?”

“பின்ன? கவிச்சியோடவா குடுத்தனுப்புவாங்க? ஊட்டுக்கு எடுக்கற கோழிக்கே மஞ்சத் தேய்க்காம உடமாட்டோம். இது படிச்சவங்க எடத்துக்குப் போறது. அதனால நல்லாக் கெட்டியாவே கரைச்சேன் கண்ணு. அலசி, சித்தெ நேரம் ஊறவும் போட்டேன்.”

“ரெண்டாவது ஷெட்டும் நீங்கதானுங்களா?”

“இல்லீங்க, மொத ஷெட்டு முடிஞ்சதும் நான் கெளம்பிட்டேன். நாத்தனா மகளுக்குச் சீரு. அந்த வடக்கத்தி ஆளு அறுத்திருப்பான்.” சின்னாத்தாள் முகத்தைச் சுளித்தார். “அவன் மஞ்சளும் போடமாட்டான், ஒண்ணும் போடமாட்டான். அறுத்தமா குடுத்தமான்னு தூக்கிக் குடுத்திருப்பான். ஏன் அம்மணி, அதுல ஏதாச்சும் கெட்டுப்போச்சா? போயிருக்கும். நான் மேனேஜருகிட்ட அப்பவே சொன்னேன்.”

அக்கா சிரித்துவிட்டார். இந்த விவகாரம் முழுவதிலும் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். “இல்லீங்கம்மா, நீங்க சுத்தமாத்தான் குடுத்திருக்கறீங்க” என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய மோரை வாங்கிக் குடித்தார்.

பஸ்ஸில் ஏறியதும் முகம் மாறிவிட்டது. “மஞ்சளுக்கு நீல ஒளி பட்டா அது பச்சையா ஒளிரும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், நஞ்சுண்டன் சாருக்கு நம்மளவிட நல்லாவே தெரியும். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லியனுப்பாதது நம்ம தப்பு. கண்ணால பார்க்காதது அந்த டாக்டர் தப்பு. ஆனா, தெரிஞ்சதுக்கப்பறம் மறைச்சா அதுக்குப் பேரு தப்பில்ல எழிலு, திருட்டு.”

திங்கட்கிழமை காலை, கல்லூரி வாசல் கடையில் ஒரு மஞ்சள் பொட்டலம் வாங்கினார். இரண்டாம் ஷெட் மண்ணீரலில் மிச்சம் இருந்ததை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மஞ்சள் தண்ணீரிலும் மறு பாதியை வெறும் தண்ணீரிலும் அலசினார். இரண்டையும் சீவி ஸ்லைடாக்கினார். ஆன்டிபாடி ஒன்றிலும் ஊற்றவில்லை. மஞ்சள் பட்டது பச்சை. படாதது இருட்டு. பன்னிரண்டு மணிக்கு நஞ்சுண்டன் சாரைக் கூட்டிவந்து இரண்டையும் காட்டினார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

“இது யார் யாருக்குத் தெரியும்?” என்றார்.

“இன்னும் இருபத்தெட்டு நாள் குடுங்க சார்” என்றார் அக்கா. “புதுசா இருவது இருவது கோழி. அறுக்கற அன்னைக்கு நானே போய் நிக்கறேன். பொடியில நெசமாவே விஷயம் இருந்தா அப்பத் தெரிஞ்சுபோகும்.”

“ஆவணியில பொடி கடைக்குப் போகோணும். மண்டபம் பேசியாச்சு, டீலருங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. நம்ம ரிப்போர்ட்டுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கறாங்க.” குரலைத் தாழ்த்தினார். “வெத்து ஸ்லைடு போட்டதா எழுதாதே. போட மறந்துட்டேன்னுகூட எழுத வேண்டாம். அந்த வரியே இல்லாம எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போடு. உன்ற ஃபைலு என்ற மேசையிலதான் இருக்குது. நீ ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.”

“அந்த ரிப்போர்ட்டை நம்பி, எங்கூருப் பக்கமெல்லாம் தடுப்பூசிய உட்டுப்போட்டுப் பொடியக் கரைச்சு ஊத்துவாங்க சார். நோவு வந்தா ஷெட்டு ஷெட்டாச் சாகும்.”

“உங்கூருல உங்காளுங்க எப்பம்மா பண்ணை வெச்சாங்க?”

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். யானைக்குச் சிரித்த அதே சிரிப்பு. நித்யஸ்ரீகூடச் சிரிக்கவில்லை.

“வெக்கலீங்க சார்” என்றார் அக்கா. “அறுக்கறது எங்காளுங்க. எரு அள்ளறது எங்காளுங்க. நோவு வந்து செத்தா, குழி வெட்டிப் பொதைக்கறதும் எங்காளுங்கதான். அதனாலதான் சொல்றேன்.”

பதிவு நோட்டைத் திறந்தார். அந்த நாளின் பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதினார். வெற்று ஸ்லைடு ஒளிர்ந்தது. காரணம் மஞ்சள். இந்த எண்ணிக்கை செல்லாது. கீழே தன் முழுப்பெயரையும், காளிச்சாமி என்று அப்பா பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். “கேட்டீங்களே சார், போட்டுட்டேன்” என்று நோட்டை அவர் பக்கம் தள்ளினார்.

நஞ்சுண்டன் சாரின் கழுத்து சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். “ஏப்பா எழிலு, நீயும் பல்லடம் போனயா?”

என் வழிகாட்டி அவர்தான். என் ஆய்வேட்டின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேன் என்று எழுதினால் பொய். யோசிக்கக்கூட இல்லை. “இல்லீங்க சார்” என்று வாய் சொல்லிவிட்டது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நித்யஸ்ரீ ஒரு புது நோட்டை வைத்துக்கொண்டு, பழைய நோட்டின் பக்கங்களை முதலிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. நான் நிற்பதைப் பார்த்ததும், “என்ன பார்க்கற? எனக்கு டிசம்பர்ல தீசிஸ் குடுக்கோணும். நீ மட்டும் பெரிய வீரனா?” என்றாள். அந்த நோட்டில் ஸ்லைடு போட்டவர் பெயர் நித்யஸ்ரீ என்று இருந்தது. அவள் அந்தக் குப்பியைத் தொட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கடிதம் வந்தது. ஆர்டர் புதுப்பிக்கப்படாது. காரணமும் போட்டிருந்தார்கள். “ஆய்வகத்துக்குள் மஞ்சள் தூள் கொண்டுவந்து ஆய்வு மாதிரிகளை மாசுபடுத்தினார்.” குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பொட்டலத்தை ஃபோட்டோ பிடித்து இணைத்திருந்தார்கள். உண்மையைக் கண்டுபிடிக்க வாங்கிய மஞ்சளை அவர் தலையிலேயே கொட்டினார்கள். இதைச் செய்தவர்கள் யாரும் படிக்காதவர்கள் இல்லை. நான்கு பேர் கையெழுத்து. அதில் மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

அக்கா அழவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாப்பாட்டுப் பையையும் ஒரு ஜோடி செருப்பையும் எடுத்துக்கொண்டார். படி வரை நான் பின்னாலேயே போனேன்.

“அக்கா, நான்…”

“நீ சொன்னது எனக்குக் கேட்டுது எழிலு. காது நல்லாத்தான் இருக்குது.” ஒரு படி இறங்கி நின்றார். “உன்னையத் திட்டலாம். ஆனா, இருக்கற கோவம் மேல இருக்கறவனுக்கே பத்தல. உனக்கு எங்கிருந்து குடுக்கறது? போ, போய்ப் படி. முடிச்சு நீயும் ஒரு நாளைக்கு ஃபைலு மேல கைய வெச்சுக்கிட்டு உக்காருவே. அப்ப என்ன பண்றேன்னு பார்க்கறேன்.”

கல்லூரி முதல்வருக்கு மனுப் போட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போட்டார். பழைய நோட்டின் அந்தப் பக்கத்தை எழுதிய அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதையும் இணைத்தார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே ஒரு பதில் வந்தது. மூன்றாவது மனுவில் நானும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் புரட்டாசி முடிந்துவிட்டது, ரிப்போர்ட்டும் போய்விட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாமதமான கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

இப்போது அக்கா வடவள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறார். போன மாதம் போனில் பேசினார். “இங்க ஒருத்தருக்குச் சக்கரை முன்னூறு இருந்தா முன்னூறுன்னு எழுதறேன். ஒருத்தரும் என்ற மேல கோவிச்சுக்கறதில்ல, அதிசயமா இருக்குது” என்றார். கோபம் குறைந்துவிட்டதா என்று கேட்டேன். “எதுக்குக் குறையோணும்?” என்றார்.

தை மாதம், உறவினர் ஒருவரைப் பார்க்கச் சுல்தான்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். அவர் பண்ணைக் கொட்டகையில் அந்தப் பொடி மூட்டைகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. ‘கோவை ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று பச்சை நிறக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஆவணியில் கடைக்கு வந்ததும் வாங்கியதா என்று கேட்டேன். “ஆவணியா? நான் போன சித்திரையிலிருந்தே வாங்கறேன். அடியில கெடக்கறது அந்தப் பழைய மூட்டைதான்” என்றார் அவர். குனிந்து அடிமூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அதே வாசகம். தயாரித்த மாதம், மார்ச். எங்கள் ஆய்வுக்குக் கோழி அறுத்ததே ஜூலையில்தான்.